போன்லெஸ் கறியும் பூனைக்குட்டியின் எலும்பும்

போன வருஷம் ஜூன் மாதம் எங்கள் அப்பார்ட்மென்ட் மோட்டார் ரூமில் இரண்டு பூனைக்குட்டிகள் கிடந்தன. தாய்ப்பூனை என்ன ஆனதென்று தெரியவில்லை. வாட்ச்மேன் அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, "சார், நீங்கதான் பூனைக்கெல்லாம் சோறு வைப்பீங்களே" என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். ஆறு வாரம் இருக்கும். இரண்டும் நன்றாக நடந்தன, கத்தின, கடித்தன.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "பால்சோறு பிசைஞ்சு வைடா, நம்ம ஊர் வீட்டுப் பூனையெல்லாம் அதுலதான வளந்துச்சு" என்றாள். நான் படித்தவன் இல்லையா! பூனை சுத்த அசைவப் பிராணி, அதற்குச் சோறு எதற்கு என்று இணையத்தில் தேட ஆரம்பித்தேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பூனை காட்டில் சமைத்தா சாப்பிடுகிறது? பச்சைக்கறிதான் அதன் இயற்கை உணவு. மறுநாளிலிருந்து கோழிக்கடையில் தினம் கால் கிலோ போன்லெஸ். எலும்பு தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில், கவனமாக எலும்பே இல்லாத கறி. பொடிப்பொடியாக நறுக்கி வைப்பேன். இரண்டும் உறுமிக்கொண்டே தின்னும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

ஐந்தாவது வாரம், சாம்பல் சோபாவில் ஏறுவதை நிறுத்தினாள். தூக்கினால் கத்தினாள். ஒருநாள் காலையில் நாற்காலியிலிருந்து இறங்கியவள் பின்னங்காலை ஊன்றவில்லை. அந்த நாற்காலி ஒன்றரை அடி உயரம்கூட இல்லை.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். பக்கத்தில் வேறொரு குட்டியின் படத்தையும் வைத்துக் காட்டினார். அந்தக் குட்டியின் எலும்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. சாம்பலின் எலும்பும் சுற்றியிருக்கும் சதையும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில், மங்கலாக இருந்தன. தொடை எலும்பு பச்சைக் குச்சியை வளைத்தது மாதிரி பாதி மடங்கியிருந்தது.

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

"பச்சை சிக்கன் மேடம். நல்ல போன்லெஸ்தான்."

"வேற?"

"வேற எதுவும் இல்ல."

"எலும்பும் இல்ல, பாலும் இல்ல. அப்போ கால்சியம் எங்கேருந்து வரும் சார்?"

என்னிடம் பதில் இல்லை. இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். எங்கே சரியாகப் படித்தேன், எங்கே பாதியோடு நிறுத்தினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பூனைக்கு இறைச்சி ஏன் கட்டாயம்

இந்த விஷயத்தில் நான் படித்தது சரி. நாய், மனிதன், எலி எல்லாம் தாவர உணவிலிருந்து தயாரித்துக்கொள்ளும் சில பொருள்களைப் பூனையால் தயாரிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக இரையை மட்டுமே தின்று வந்ததால், இரையிலேயே ரெடியாகக் கிடைப்பதை உடம்பு சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வோம். பூனையால் முடியாது. அதற்கு ஈரல் மாதிரி விலங்கு உணவிலிருந்து நேரடியாக வைட்டமின் ஏ வேண்டும். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இன்னும் கறாரானது. ஆர்ஜினின் இல்லாத ஒரே ஒரு வேளை உணவு போதும், பூனையின் ரத்தத்தில் அம்மோனியா ஏறி சில மணி நேரத்தில் நோய்வாய்ப்படும் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரிஸும் ரோஜர்ஸும் 1978இல் காட்டினார்கள்.

டாரின் கதை இன்னும் முக்கியமானது. காளையின் பித்தநீரிலிருந்து 1827இல் முதலில் பிரித்தெடுத்ததால் காளைக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். பூனையால் இதைப் போதுமான அளவு தயாரிக்க முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்று 1975இல் தெரிந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் அதுதான் காரணம், டாரின் கொடுத்தால் இதயம் திரும்பச் சரியாகிறது என்று 1987இல் பயன் என்ற மருத்துவரும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூனைகள் பலவும் கடையில் விற்கும் நல்ல கம்பெனி உணவைத் தின்றவை! அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவை உயர்த்தின. ஆக, பாக்கெட் உணவுக்காரர்களும் எல்லாம் தெரிந்தவர்கள் இல்லை. பூனைகள் செத்த பிறகுதான் அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

பால்சோறு விஷயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அம்மா பொய் சொல்லவில்லை. ஊர் வீட்டில் பூனைக்குப் பால்சோறுதான் வைத்தோம். ஆனால் அது பால்சோற்றை மட்டும் தின்று வளரவில்லை. நெல் மூட்டைக்குப் பின்னால் எலி, ஓட்டில் பல்லி, கிணற்றடியில் தவளை, குப்பைமேட்டில் மீன் தலை என்று அதன் உண்மையான சாப்பாடு நம் கண்ணில் படாமல் நடந்தது. மூன்றாவது மாடியில் பால்கனிக்குக் கம்பிவலை அடித்த வீட்டில் வளரும் குட்டிக்கு நாம் வைப்பது மட்டும்தான் சாப்பாடு. நாம் எதை மறந்தாலும் அது அந்தக் குட்டிக்கு வேறு எங்கிருந்தும் கிடைக்காது.

சமைக்காத கறி என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது

பச்சைக்கறி ஆதரவாளர்கள் எழுதும் எந்தப் பக்கத்திலும் ஒரு பெயர் வரும்: பாட்டெஞ்சர். பிரான்சிஸ் பாட்டெஞ்சர் கலிபோர்னியாவின் மன்ரோவியா ஊரில் காசநோய் சானடோரியம் நடத்திய குடும்பத்து மருத்துவர். அட்ரினல் சுரப்பிச் சாறு எவ்வளவு வீரியமாக இருக்கிறது என்று சோதிக்கப் பூனைகள் வளர்த்தார். சானடோரியத்தில் மீந்த வெந்த கறியைத் தின்ற பூனைகள் நலிந்துபோக, பச்சைக்கறி தின்றவை நன்றாக இருப்பதைக் கவனித்தார். 1932 முதல் 1942 வரை சுமார் 900 பூனைகளை வைத்துச் சோதித்து, 1946இல் பல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். வெந்த கறிக் கூட்டம் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தது. பச்சைக்கறிக் கூட்டம் திடமாக இருந்தது.

இதைப் படித்ததும் நான் மயங்கிவிட்டேன். ஆனால் அவர் அந்தப் பூனைகளுக்கு என்ன கொடுத்தார் என்பதை அப்போது நிதானமாகப் படிக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு இறைச்சி, அதுவும் தசை மட்டுமல்ல, உள்ளுறுப்பும் எலும்பும் சேர்ந்தது. மூன்றில் ஒரு பங்கு பால். அதற்கு மேல் காட் மீன் ஈரல் எண்ணெய். எலும்பிலும் பாலிலும் கால்சியம். மீன் எண்ணெயில் வைட்டமின் ஏயும் டியும். நான் செய்தது என்ன? பாலை விட்டேன், எண்ணெயை விட்டேன், எலும்பை ஜாக்கிரதையாகப் பொறுக்கி எடுத்தேன். மீதி இருந்த "பச்சை" என்ற ஒரு வார்த்தையை மட்டும் பின்பற்றினேன்.

சரி, வெந்த கறிப் பூனைகள் ஏன் நலிந்தன? பாட்டெஞ்சர் காலத்தில் பூனைக்கு டாரின் தேவை என்று யாருக்கும் தெரியாது. இன்று அதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். டாரின் தண்ணீரில் கரையும். கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் டாரினும் சேர்ந்து போய்விடும். கவனியுங்கள், சூடு அதை அழிப்பதில்லை. வேகவைத்த தண்ணீரையும் சேர்த்தே வைத்தால் பெரும்பகுதி இழப்பு இல்லை.

இன்னொரு பக்கம், பச்சையாக இருந்தால் மட்டும் டாரின் போதும் என்றும் இல்லை. அமெரிக்காவின் கால்நடைத் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த அளவுப்படி பூனை உணவின் உலர்ந்த எடையில் குறைந்தது 0.1 சதவீதம் டாரின் வேண்டும். ஈர உணவு என்றால் 0.2 சதவீதம். 100 கிராம் கோழிக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர், உலர்ந்த எடை 25 கிராம். அப்படியானால் தேவை 25 முதல் 50 மில்லிகிராம். கோழி நெஞ்சுக்கறியில் இருப்பது 20 மில்லிகிராமுக்கும் குறைவு. தொடைக்கறியிலும் இதயத்திலும் அதைவிடக் கூடுதல். நான் வாங்கியது பெரும்பாலும் நெஞ்சுக்கறி. கொழுப்பு குறைவு, நல்லது என்று நினைத்து.

கால்சியம் கணக்கு

மருத்துவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். பேப்பரில் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷக் கணக்கு.

வளரும் குட்டிக்கு உணவின் உலர்ந்த எடையில் குறைந்தது 1 சதவீதம் கால்சியமும் 0.8 சதவீதம் பாஸ்பரஸும் வேண்டும். 100 கிராம் கறியில் 25 கிராம் உலர்ந்த எடை. ஆக, அந்த 100 கிராமில் 250 மில்லிகிராம் கால்சியம், 200 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்க வேண்டும்.

போன்லெஸ் கோழியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. கனகச்சிதம். கால்சியம் சுமார் 10 மில்லிகிராம். தேவையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு!

ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எதுவானாலும் எலும்பு இல்லாத கறிக்கு இதே கதைதான். ஈரலில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். பச்சையா வெந்ததா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைப் பாருங்கள்.

உடம்பு இதை எப்படிச் சமாளிக்கிறது? ரத்தத்தில் கால்சியம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தால்தான் இதயமும் நரம்பும் வேலை செய்யும். அது குறையத் தொடங்கினால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும். சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து மாதச் செலவைச் சமாளிப்பது மாதிரி. அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் நார்மல் என்றே வரலாம். எக்ஸ்ரேதான் உண்மையைச் சொல்லும். பெரிய பூனைக்குச் சேமிப்பு அதிகம், நீண்ட நாள் தாங்கும். குட்டி வாரத்துக்கு 100 கிராம் எடை கூடுகிறது. புதிதாக எலும்பு கட்ட வேண்டிய நேரத்தில் இருக்கிற எலும்பையே கரைக்கிறது. அதனால்தான் சில வாரங்களிலேயே விழுந்துவிடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. 1960களிலேயே மாட்டு இதயத்தை மட்டும் கொடுத்து வளர்த்த குட்டிகளில் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்பு, சயாமிஸ் குட்டிகளுக்கு வரும் பிறவி எலும்பு நோய் என்று நினைத்தவர்களும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய பூனை என்று செல்லமாக நல்ல கறியை மட்டும் ஊட்டியதால் வந்த வினை அது.

அறிகுறிகள் நான் பார்த்தவைதான்: குதிக்கத் தயங்குவது, தூக்கினால் கத்துவது, நொண்டுவது, பின்னங்கால் வளைவது. முதுகெலும்பு மடங்கினால் பின்பாகம் செயலிழக்கலாம். இடுப்பெலும்பு குறுகிவிட்டால் ஆயுளுக்கும் மலச்சிக்கல். குட்டி "சமத்தாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது" என்று நான் இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன். அது வலியில் அசையாமல் இருந்திருக்கிறது.

காட்டில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை? காட்டுப்பூனை போன்லெஸ் வாங்குவதில்லை. எலியைத் தலையிலிருந்து வால் வரை தின்கிறது. எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் ஏ, இதயத்திலும் தசையிலும் டாரின், ரத்தத்தில் இரும்பு. ஒரு எலி என்பது ஒரு முழுச் சாப்பாடு. கோழி நெஞ்சுக்கறி அந்தச் சாப்பாட்டில் ஒரு கூட்டு மட்டும்.

கண்ணெதிரே வெட்டின கோழிதானே

சத்துக் கணக்கைச் சரிசெய்துவிட்டால் பச்சையாகக் கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. "அன்னன்னிக்கு வெட்டினது சார், ஃப்ரெஷ்ஷு" என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் ஃப்ரெஷ் என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் ஆரோக்கியமான கோழியின் குடலிலேயே இருக்கலாம். வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கும் டிரம்மில் சுற்றி, எல்லாக் கோழியையும் ஒரே கட்டையில் ஒரே கத்தியால் வெட்டும்போது ஒன்றின் குடலில் இருந்தது எல்லாவற்றின் மேலும் ஒட்டும். நாம் நன்றாக வேகவைப்பதால் தப்பிக்கிறோம்.

பாக்கெட்டில் வரும் பச்சை உணவும் விதிவிலக்கு இல்லை. நெதர்லாந்தில் 2018இல் வெளியான ஆய்வொன்றில், செல்லப்பிராணிகளுக்கு விற்கும் உறைந்த பச்சை இறைச்சி உணவு 35ஐ எடுத்துச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் லிஸ்டீரியா, ஐந்தில் ஒன்றில் சால்மொனெல்லா.

பூனைக்கு வயிற்று அமிலம் அதிகம், ஒன்றும் ஆகாது என்பார்கள். வளர்ந்த பூனைக்குப் பலநேரம் வெளியே ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அது கிருமியை மலத்தில் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதே வாயால் ரோமத்தை நக்கும், அந்த ரோமத்தை நம் வீட்டுக் குழந்தை தடவும். குட்டிக்கோ எதிர்ப்புசக்தி இன்னும் முழுசாக வந்திருக்காது. தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும் வயது அது.

டாக்ஸோபிளாஸ்மா பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஒட்டுண்ணி பச்சைக்கறியிலிருந்தோ எலியிலிருந்தோ பூனைக்கு வரும். முதல்முறை தொற்றும்போது பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். கர்ப்பிணிக்கு முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். உடனே பூனையைத் துரத்த வேண்டியதில்லை. அந்த முட்டைகள் வெளியே வந்து தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் மணல்தட்டைச் சுத்தம் செய்து, அந்த வேலையை வீட்டில் வேறொருவர் பார்த்து, பூனைக்குப் பச்சைக்கறி கொடுக்காமல் இருந்தால் ஆபத்து பெரிதும் குறையும்.

கடைசியாக, பறவைக் காய்ச்சல். 2004இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் பச்சைக் கோழி தின்ற புலிகளுக்கு எச்5என்1 பரவியது. 441 புலிகளில் 147 செத்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. 2023இல் சியோல் நகரப் பூனைக் காப்பகங்களில் பரவியபோது, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத வாத்துக்கறி உணவில் வைரஸ் இருந்தது. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்து, எச்5என்1 என்று உறுதியானது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமே கண்டுபிடித்தார்கள். பூனைக் குடும்பத்துக்கு இந்த வைரஸ் மிக மோசமானது.

"ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால்?" இதை நானும் நம்பினேன். டாக்ஸோபிளாஸ்மாவுக்கு அது உண்மை, சில நாள் நன்றாக உறையவைத்தால் பெரும்பாலும் சாகும். சால்மொனெல்லாவும் பறவைக் காய்ச்சல் வைரஸும் உறைந்தால் சாவதில்லை. தூங்கும், கரைந்ததும் எழும். உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவைப்பது ஒன்றுதான் வழி. வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்களுக்கு 74 டிகிரி செல்சியஸ்.

மீன் பற்றி ஒரு குறிப்பு

கடலோர ஊர்களில் மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் பூனைக்குப் போடுவது வழக்கம். எப்போதாவது ஒன்று என்றால் பரவாயில்லை. தினமும் அதுவே சாப்பாடு என்றால் ஆபத்து. மத்தி, நெத்திலி, கெண்டைக் குடும்பங்களைச் சேர்ந்த பல மீன்களில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐ அழிக்கும். 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பண்ணை நரிகளுக்குப் பச்சை மீன் கொடுத்து, அவை கை கால் இழுத்துச் செத்த பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. பூனைக்கு வந்தால் தலை தானாக நெஞ்சை நோக்கிக் குனியும், தள்ளாடும், வலிப்பு வரும். இந்த நொதி வேகவைத்தால் அழிந்துவிடும். ஆக, மீனைப் பொறுத்தவரை "பச்சைதான் சத்து" என்பது நேர் எதிர்.

அப்போ என்னதான் கொடுப்பது

மருத்துவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து, எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இது.

முதலாவது, அடிப்படைச் சாப்பாடு குட்டிகளுக்கென்று தயாரித்த முழு உணவு. பாக்கெட்டில் இரண்டு விஷயம் பார்க்கிறேன். "கம்ப்ளீட்" என்று இருக்க வேண்டும், "குரோத்" அல்லது "கிட்டன்" என்று வயது குறிப்பிட்டிருக்க வேண்டும். "காம்ப்ளிமென்டரி" என்று போட்டிருந்தால் அது தொட்டுக்கொள்ளும் ஐட்டம், சாப்பாடு இல்லை. கறித்துண்டு மிதக்கும் அழகான பாக்கெட்டுகள் பலவற்றில் பொடி எழுத்தில் இந்த வார்த்தைதான் இருக்கும்.

இரண்டாவது, கறி உண்டு. அதை ஏன் விட வேண்டும்? மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். ஒரு கிலோ எடையுள்ள குட்டி ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி சாப்பிடும். அதில் 20 கலோரி என்றால் வெந்த கோழி 12 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் வரும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே வைக்கிறேன். உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவதும் இதனால்தான் ஆகாது.

மூன்றாவது, முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுப்பவர்களுக்கு. முட்டை ஓட்டுப் பொடி ஒரு கிராமில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் போன்லெஸுக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல் போதும், கால்சியக் கணக்கு நேராகும். ஈரல் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள். தினம் ஈரலே போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு ஒட்டிக்கொள்ளும் நோய் வரும். ஆனால் இவ்வளவும் செய்தாலும் டாரின், வைட்டமின் டி, ஈ, பி1, துத்தநாகம், அயோடின் என்று பட்டியல் நீளும். டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2019இல் புத்தகங்களிலும் இணையத்திலும் இருக்கும் 114 பூனை உணவுச் செய்முறைகளை எடுத்துப் பார்த்தார்கள். கணக்கிடும் அளவுக்கு விவரம் இருந்தவற்றில் ஒன்றுகூட எல்லாச் சத்தையும் தேவையான அளவில் தரவில்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அதில் சேர்த்தி. அதனால் உங்கள் குட்டியின் எடையும் வயதும் பார்த்து ஒரு மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தால் மட்டும் இறங்குங்கள். வளர்ச்சி முடியும்வரை, அதாவது முதல் ஒரு வருஷம், பாக்கெட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

எலும்பு சூப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். எலும்பை வேகவைத்த தண்ணீரில் கால்சியம் மிகக் கொஞ்சம்தான் இறங்கும். கால்சியம் எலும்பிலேயே இருக்கும். தெருப் பூனைகளுக்கு வைக்கும் சிலர் கோழிக்கால், கழுத்தையெல்லாம் குக்கரில் விரலால் நசுங்கும் அளவு வேகவைத்து மசித்துச் சோற்றில் கலப்பார்கள். வெறும் கறியைவிட அது எவ்வளவோ மேல். அரைகுறையாக வெந்து நறுக்கென்று உடையும் எலும்புதான் ஆபத்து, அது கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

சாம்பல்

சாம்பலுக்கு அறுவை சிகிச்சை எதுவும் செய்யவில்லை. அவ்வளவு மெல்லிய எலும்பில் திருகாணி நிற்காது என்றார் மருத்துவர். ஒரு சின்னக் கூண்டு, வலிக்கு மருந்து, குட்டி உணவு, ஆறு வாரம் குதிக்க விடாமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான் வைத்தியம். கூண்டுக்குள் இருந்து அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. கறுப்பனுக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். அவன் எலும்பும் மெலிந்துதான் இருந்தது, முறியும் முன் பிடித்துவிட்டோம்.

நான்கு வாரம் கழித்து எடுத்த படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. முறிவு கூடிவிட்டது, வளைவு அப்படியே நின்றுவிட்டது. இன்று அவளுக்கு ஒரு வயசு தாண்டிவிட்டது. ஓடும்போது இடது பின்னங்கால் கொஞ்சம் வெளிப்பக்கம் போகும். புதிதாகப் பார்ப்பவர்கள், "ஆக்ஸிடென்ட்டா?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க, நான் குடுத்த சாப்பாடு" என்று சொல்லிவிடுகிறேன். கேட்பவர் வீட்டிலும் ஒரு குட்டி இருக்கலாம்.